பிரஸ்ஸல்ஸ் காசு நம் கைக்கு வருமா? சிங்கப்பூர்ச் சிறு கம்பெனியிலிருந்து ஒரு விமர்சனம்

நட்சத்திரக் கணக்கு மட்டும் தேடி வந்தவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் யூரோப் ஆராய்ச்சி நிதித் திட்டத்துக்கு, சிங்கப்பூரில் பதிவான ஒரு சிறு கம்பெனியின் கண்ணோட்டத்தில், 5-க்கு 3. அந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லி இங்கே பட்டறை நடத்தி, ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு பேக்கேஜ் விற்கும் ஓர் ஆலோசகரிடம் போய் உட்கார்ந்தோம். அந்தச் சேவைக்கு 5-க்கு 1, அந்த ஒன்றும் மத்தியானம் போட்ட பிரியாணிக்காக. இங்கே அதிகம் பேர் கேள்விப்படாத யூரோஸ்டார்ஸ் என்ற இன்னொரு நிதித் திட்டத்துக்கு 4. ஏன் என்று தெரிய வேண்டுமானால் தொடர்ந்து படியுங்கள், கொஞ்சம் நீளம்தான்.

நாங்கள் காக்கி புக்கிட்டில் ஒரு மாடித் தொழிற்கூடத்தில் இருக்கிறோம். சிப் ஆலைகளின் தூய அறைகளில் மிதக்கும் தூசியையும் ரசாயன ஆவியையும் அளக்கிற சின்னச் சின்ன கருவிகள் செய்து விற்கிறோம். ஆட்கள் குறைவு. மின்னணுப் பலகை வடிவமைப்பும் என் வேலை, மானிய விண்ணப்பம் எழுதுவதும் என் வேலை. அதனால் இங்கே உள்ள இடிஜி, பிஎஸ்ஜி மாதிரி அரசு மானியங்கள் எல்லாம் அத்துபடி. ஜெர்மனியில் எங்களிடம் சாமான் வாங்கும் ஒரு வாடிக்கையாளர், நாங்கள் ஒரு ஐரோப்பிய ஆராய்ச்சித் திட்டத்துக்கு எழுதப்போகிறோம், நீங்களும் சேர்கிறீர்களா என்று கேட்டபோதுதான் இந்தக் கதை ஆரம்பித்தது. பாஸ் உடனே கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, இதில் நமக்கு எவ்வளவு?"

சரி, முதலில் பொருள் என்ன என்று பார்ப்போம். ஹொரைசன் யூரோப் 2021 முதல் 2027 வரை ஓடும் ஏழாண்டுத் திட்டம். தொடங்கும்போது ஒதுக்கியது 95.5 பில்லியன் யூரோ. 2024-இல் பட்ஜெட்டைத் திருத்தியபோது அதில் 2.1 பில்லியனை வெட்டிவிட்டார்கள். அதற்கு முந்தைய ஹொரைசன் 2020 கிட்டத்தட்ட 80 பில்லியன். நம் ஊர்க் கணக்கோடு வைத்துப் பார்க்க: சிங்கப்பூர் ஆர்ஐஇ 2025 என்ற ஐந்தாண்டு ஆராய்ச்சித் திட்டத்துக்கு 25 பில்லியன் வெள்ளி ஒதுக்கி, 2024-இல் மேலும் 3 பில்லியன் சேர்த்தது, அடுத்த ஐந்தாண்டுக்கு 37 பில்லியன் வெள்ளி என்று அறிவித்திருக்கிறார்கள். 27 நாடுகள் சேர்ந்து போடும் தொகையையும் நம் தீவு தனியாகப் போடும் தொகையையும் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் நாம் ஒன்றும் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் அவர்கள் தரும் விதம் வேறு. அங்கேதான் விஷயம்.

இங்கே இடிஜி வாங்கிய யாரும் அறிவார்கள். சிறு, நடுத்தர நிறுவனத்துக்குத் தகுதியான செலவில் 50 விழுக்காடு வரை, அதுவும் முதலில் நீங்கள் செலவழித்து, ரசீது எல்லாம் காட்டி, தணிக்கை முடிந்து, பிறகுதான் காசு திரும்பும். ஹொரைசனில் ஆர்ஐஏ என்று சொல்லும் ஆராய்ச்சி வகைத் திட்டமாக இருந்தால் தகுதியான செலவில் 100 விழுக்காடும் தருகிறார்கள். சந்தைக்குப் பக்கத்தில் உள்ள ஐஏ வகையில் லாபம் பார்க்கும் கம்பெனிக்கு 70. அதற்கு மேல் வாடகை, மின்சாரம், அலுவலகம் மாதிரிச் செலவுகளுக்கு நேரடிச் செலவில் 25 விழுக்காடு என்று ஒரே சீராகச் சேர்த்துக்கொள்ளலாம், அதற்கு ரசீது கேட்பதில்லை. ஒப்பந்தம் கையெழுத்தானதும் ஒரு பகுதி முன்பணமாகவே வந்துவிடும். இதைப் படித்த அன்று எங்கள் கணக்குப் பார்க்கும் அக்கா, "இது நிஜமா, இல்லை ஏதாவது மோசடி லிங்க்கா?" என்று கேட்டார்.

நிஜம்தான் அக்கா, ஆனால் நமக்கு இல்லை.

இந்த ஒரு வரியைத்தான் பட்டறையில் யாரும் சொல்லவில்லை. உறுப்பு நாடுகளுக்கும், ஒப்பந்தம் போட்டு இணைந்த நாடுகளுக்கும், வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளின் ஒரு பட்டியலுக்கும்தான் ஹொரைசன் பணம் இயல்பாகப் போகும். சிங்கப்பூர் பணக்கார ஊர் என்பதால் மூன்றாவது பட்டியலில் வராது. இணைந்த நாடுகளைப் பாருங்கள்: நியூசிலாந்து 2023-இல், கனடா 2024-இல், தென் கொரியா 2025-இல் திட்டத்தின் கூட்டு ஆராய்ச்சிப் பகுதியான இரண்டாம் தூணுக்குள் வந்துவிட்டன, அதாவது அந்த நாட்டுக் கம்பெனிகள் ஐரோப்பியக் கம்பெனி மாதிரியே காசு கேட்கலாம். இதை நான் எழுதும்வரை நாம் அந்த வரிசையில் இல்லை. அதனால் பல நாட்டவர் சேர்ந்து விண்ணப்பிக்கும் கூட்டணியில் சிங்கப்பூர்க் கம்பெனி சேரும்போது அதற்குப் பெயர் இணைப் பங்காளி. வேலை செய்யலாம், கூட்டத்துக்குப் போகலாம், அறிக்கையில் பெயர் வரும், செலவு மட்டும் உங்கள் பையிலிருந்து. இதுபோக, ஹொரைசன் சட்டத்தில் 22-ஆம் பிரிவின் 5-ஆம் உட்பிரிவு என்று ஒன்று இருக்கிறது. குவாண்டம், விண்வெளி போன்ற நுட்பமான துறைகளில், ஐரோப்பாவின் பாதுகாப்பையும் தன்னாட்சியையும் காரணம் காட்டி வெளிநாட்டவரை மொத்தமாக வெளியே நிறுத்த அது வழி விடுகிறது. விண்ணப்ப அழைப்பு ஆவணத்தில் அந்த எண்ணைப் பார்த்தால் மேற்கொண்டு படிக்கும் நேரத்தை மிச்சப்படுத்துங்கள்.

அந்தப் பட்டறைக்கு வருகிறேன். பூகிஸ் பக்கம் ஒரு ஹோட்டல் அறை. வந்திருந்தவர்களில் நம்மவர்களும் நிறையப் பேர், தேக்காவில் மென்பொருள் கம்பெனி வைத்திருக்கிற ஒருவர், துவாஸில் கப்பல் சாமான் செய்கிற ஒருவர். திரையில் பெரிய எழுத்தில் 2.5 மில்லியன் யூரோ என்று போட்டார்கள். அது இஐசி ஆக்ஸிலரேட்டர் என்ற திட்டத்தின் மானிய உச்சவரம்பு, எண் சரிதான். அதற்கு மேல் பங்கு முதலீடும் உண்டு என்பதும் சரிதான். ஆனால் அது உறுப்பு நாட்டிலோ இணைந்த நாட்டிலோ நிறுவப்பட்ட சிறு கம்பெனிக்கானது. வெளியே உள்ளவர் கேட்க வேண்டுமானால் ஒப்பந்தத்துக்கு முன் அங்கே போய்க் கம்பெனி அமைக்க வேண்டும். இவர்கள் சொன்ன வழி, "அங்கே ஒரு முகவரி எடுத்துத் தருகிறோம், மாதக் கட்டணம் இவ்வளவுதான்." துவாஸ்காரர் எழுந்து, "ஆள் இங்கே, மெஷின் இங்கே, முகவரி மட்டும் அங்கேயா? நேர்காணலில் கேட்டால் என்ன சொல்ல?" என்றார். அதற்கு வந்த பதில், அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பதுதான். மனிதர் அப்போதே கிளம்பிவிட்டார், பிரியாணியைக்கூடச் சாப்பிடவில்லை. பாவம், அது நன்றாக இருந்தது.

கட்டணம் பற்றியும் ஒன்று. முன்பணம் ஒரு தொகை, ஜெயித்தால் மானியத்தில் சில விழுக்காடு என்பது அவர்கள் பேரம். ஹொரைசன் விதிப்படி திட்டம் தொடங்குவதற்கு முன் விண்ணப்பம் எழுதச் செலவான காசு தகுதியான செலவே இல்லை, மானியத்திலிருந்து ஆலோசகருக்குப் பங்கு கொடுக்கவும் முடியாது. ஆக, ஜெயித்தாலும் அந்தத் தொகை உங்கள் லாபத்திலிருந்துதான் போகும். விழுக்காட்டுக் கணக்கில் யாராவது பேசினால் முதலில் இதைக் கேளுங்கள், முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். பாஸ் வெளியே வந்து காப்பிக்கடையில் உட்கார்ந்து சொன்னது: "தம்பி, நம்ம ஊரில் வேலை தேடி வருகிறவனிடம் ஏஜெண்டு பேசுகிற பேச்சு மாதிரியே இருக்கிறது." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆனாலும் கூட்டணியில் சேர்ந்தோம். காசு வராது என்று தெரிந்தே சேர்ந்தோம், அதற்குக் காரணம் பாஸ்தான். எங்களை மாதிரிக் கம்பெனிக்கு ஐரோப்பாவில் ஒரு சிப் ஆலையின் செயல்முறைப் பொறியாளரிடம் பேச நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. கொள்முதல் பிரிவைத் தாண்டி உள்ளே போகவே முடியாது. கூட்டணியில் அவர்களே நம் எதிரில் உட்கார்ந்து, எங்கள் தூய அறையில் மின்சாரச் செலவு எங்கே போகிறது, எந்த இடத்தில் எந்த அளவீடு இல்லாமல் திண்டாடுகிறோம் என்று வாய் திறந்து சொல்கிறார்கள். விற்பனைக்காரனை அனுப்பி இதைக் கறக்க முடியாது.

போர்ட்டல் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உண்மையில் நீங்கள் பயன்படுத்தப்போகும் பொருள் அதுதான். நிதிகளும் டெண்டர்களும் ஒரே இடத்தில் இருக்கிற பொதுத் தளம். இயூ லாகின் என்ற கணக்கு வேண்டும், இரண்டடுக்குச் சரிபார்ப்போடு, நம் அரசுச் சேவைகளுக்கான சிங்பாஸ் பழகிய கைக்கு இதில் சிரமம் இல்லை. கம்பெனிக்கு 9 இலக்கத்தில் பிஐசி என்று ஓர் எண் தருவார்கள், சிங்கப்பூர்க் கம்பெனியும் வாங்கலாம், இலவசம். அழைப்புகளின் மொழிதான் கொல்லும். ஆர்ஐஏ, ஐஏ, சிஎஸ்ஏ, டிஆர்எல் என்று சுருக்கெழுத்துகள். டிஆர்எல் என்பது தொழில்நுட்பம் எந்த அளவுக்கு முதிர்ந்திருக்கிறது என்பதற்கு 1 முதல் 9 வரை போடும் படி, அது தெரியாமல் ஒரு அழைப்பையும் படிக்க முடியாது. கெடு பிரஸ்ஸல்ஸ் நேரம் மாலை 5 மணி. அங்கே கோடைகாலமானால் நமக்கு இரவு 11, குளிர்காலமானால் நள்ளிரவு 12. எங்களுடையது குளிர்காலக் கெடு. எங்கள் கூட்டணித் தலைமை (பெயர் வேண்டாம், ஒரு பல்கலைக்கழகம்) எங்கள் பகுதியைத் திருத்தித் திருத்திக் கடைசி நாள் இரவு 10 மணிக்கு மேலும் கோப்பு அனுப்பிக்கொண்டே இருந்தது. அவர்களுக்கு அது மத்தியானம், சாவகாசமாக இருந்தார்கள். அடுத்த நாள் காலையில் நான் எம்ஆர்டியில் நின்றுகொண்டே தூங்கினேன்.

போர்ட்டலைவிட எனக்குப் பிடித்தது கோர்டிஸ் என்ற பொதுத் தரவுத்தளம். ஐரோப்பிய ஆராய்ச்சிப் பணம் யாருக்குப் போனது, எந்தத் திட்டத்துக்கு, எவ்வளவு, கூட்டாளிகள் யார், கடைசியில் என்ன கண்டுபிடித்தார்கள் என்று எல்லாம் திறந்து கிடக்கிறது. கணக்கு எதுவும் தொடங்க வேண்டாம். உங்கள் போட்டியாளர் பெயரைத் தட்டிப் பாருங்கள், அவர்கள் மூன்று வருடம் கழித்து என்ன விற்கப்போகிறார்கள் என்று பாதி தெரிந்துவிடும். வாடிக்கையாளர் பெயரைத் தட்டினால் அவர்களுக்கு எங்கே வலிக்கிறது என்று தெரியும். நான் இதற்கு மட்டும் தனியாக 5-க்கு 5 போடுவேன். ஒரு காசு மானியம் வாங்காதவர்களும் இதைப் பயன்படுத்தலாம், ஆனால் இங்கே நான் கேட்டவரை யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை.

முடிவு என்னாயிற்று? குறைந்தது மூன்று நிபுணர்கள் தனித்தனியாகப் படித்து, பிறகு ஒன்றாக உட்கார்ந்து மதிப்பெண் போடுகிறார்கள். ஆராய்ச்சித் தரம், விளைவு, செயல்படுத்தும் விதம் என்று மூன்று தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 5. ஒவ்வொன்றிலும் குறைந்தது 3, மொத்தம் 15-க்கு 10 வந்தால் தேர்ச்சி. நாங்கள் தேர்ச்சி. ஆனால் காசு இல்லை, பட்டியலில் எங்களுக்கு மேலே இருந்தவர்களோடு பணம் தீர்ந்துவிட்டது. இது எங்கள் தலைவிதி மட்டும் இல்லை. ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையமே செய்த இடைக்கால மதிப்பீட்டில், தரமான விண்ணப்பங்களில் 10-க்கு 7 பணப் பற்றாக்குறையால் கைவிடப்படுகின்றன என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். எத்தனை ஆராய்ச்சியாளரின் எத்தனை வாரங்கள் இப்படிக் குப்பைக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆனால் ஒன்று. தோற்றவர்களுக்கும் மதிப்பீட்டுச் சுருக்கம் என்று ஓர் அறிக்கை வரும். அதில் எங்கள் பகுதி பற்றி எழுதியிருந்ததைப் படித்து பாஸ் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அளவீட்டுத் துல்லியம் பற்றி நாங்கள் சொல்லியிருந்ததற்குப் போதிய ஆதாரம் காட்டவில்லை, ஈரப்பதம் மாறும்போது சென்சார் என்ன செய்யும் என்று ஒரு வரிகூட இல்லை என்று இருந்தது. நியாயமான கேள்வி. அடுத்த வடிவத்தில் நாங்கள் செய்த முதல் வேலையே அதுதான். காசு கொடுத்து இப்படி ஒரு அபிப்பிராயம் வாங்கப் போனால் எவ்வளவு ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நேரமும் மோசம் இல்லை, கெடுவிலிருந்து 5 மாதத்தில் முடிவு, ஜெயித்தவர்களுக்கு மேலும் 3 மாதத்தில் ஒப்பந்தம் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். சின்னக் கம்பெனிக்கு எட்டு மாதம் நீண்ட காலம்தான், அது வேறு பேச்சு.

இவ்வளவும் எங்கள் பக்கம். ஐரோப்பாவுக்கே இந்தப் பொருள் வேலை செய்கிறதா என்பதையும் நான் பார்க்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஆலை எங்கே எழும்புகிறதோ அங்கேதான் எங்கள் கருவிக்கு ஆர்டர். ஜெர்மனியின் டிரெஸ்டனா, இங்கே உள்ள தெம்பனிஸா என்பது எங்களுக்கு அரசியல் கேள்வி இல்லை, அடுத்த வருடச் சம்பளக் கேள்வி.

சிப் விஷயத்தில் அவர்கள் கொண்டுவந்தது ஐரோப்பிய சிப்ஸ் சட்டம், 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. 43 பில்லியன் யூரோ திரட்டுவோம், 2030-க்குள் உலக உற்பத்தியில் 20 விழுக்காட்டைப் பிடிப்போம் என்றார்கள். கேட்க நன்றாக இருந்தது. 2025 ஏப்ரலில் ஐரோப்பியத் தணிக்கை நீதிமன்றம் கணக்கை எடுத்துப் பார்த்துவிட்டு, இது நடக்காத காரியம் என்ற பாணியில் அறிக்கை விட்டது. ஆணையத்தின் சொந்தக் கணிப்பிலேயே 2030-இல் 11.7 விழுக்காடுதான் வருகிறது. அதைவிட முக்கியமான எண் ஒன்று அதில் இருந்தது: சட்டத்தின் கீழ் 2030 வரை எதிர்பார்க்கும் 86 பில்லியன் யூரோவில் ஆணையத்தின் கையில் இருப்பது 4.5 பில்லியன், அதாவது வெறும் 5 விழுக்காடு. மீதி உறுப்பு நாடுகளும் கம்பெனிகளும் போட வேண்டியது. உலகின் முன்னணி சிப் உற்பத்தியாளர்கள் 2020-இலிருந்து 2023 வரை மட்டும் முதலீட்டுக்கு ஒதுக்கியது 405 பில்லியன் யூரோ என்றும் அதே அறிக்கை சொல்கிறது. ஒப்பிடவே வேண்டாம்.

ஆக, அங்கே ஆலைக்குப் பணம் கொடுப்பது பிரஸ்ஸல்ஸ் இல்லை, பெர்லினும் பாரீசும்தான். பிரஸ்ஸல்ஸ் அனுமதி தரும். பொதுவாக அரசு தன் நாட்டுக் கம்பெனிக்குப் பணம் கொடுத்துப் போட்டியைக் கெடுக்கக் கூடாது என்பது ஐரோப்பிய விதி, அதற்கு விலக்கு வாங்கித்தான் எல்லாம் நடக்கிறது. இதில் ஒரு கோணல். யாரிடம் பணம் இருக்கிறதோ அவர்களால்தான் கொடுக்க முடியும். உக்ரைன் போருக்குப் பிறகு விதியைத் தளர்த்தியபோது அனுமதிக்கப்பட்ட 672 பில்லியன் யூரோவில் ஜெர்மனிக்கு 53 விழுக்காடு, பிரான்சுக்கு 24. மற்ற நாடுகள் எல்லாம் சேர்ந்து மிச்சத்தைப் பங்கு போட்டன. ஒரே சந்தை என்று பேசிக்கொண்டே இது நடக்கிறது.

டிரெஸ்டன் வெற்றிக் கதை, அதை மறுக்க மாட்டேன். தைவானின் டிஎஸ்எம்சி 70 விழுக்காடு, போஷ், இன்ஃபினியான், என்எக்ஸ்பி ஆளுக்கு 10 விழுக்காடு என்று சேர்ந்து 10 பில்லியன் யூரோவுக்கு மேல் போடும் ஆலை. அதில் 5 பில்லியன் ஜெர்மன் அரசின் உதவி, 2024 ஆகஸ்டில் அனுமதி கிடைத்து அன்றைக்கே அடிக்கல்லும் நாட்டினார்கள். ஆனால் அதே ஜெர்மனியின் மாக்டபர்க்? இன்டெல் 30 பில்லியன் யூரோவில் கட்டுவதாகச் சொல்லி, கிட்டத்தட்ட 10 பில்லியன் அரசு உதவிக்கும் பேசி முடித்து, 2024 செப்டம்பரில் தள்ளிவைத்து, 2025 ஜூலையில் கைகழுவிவிட்டது. நார்த்வோல்ட் இன்னும் சோகம். ஐரோப்பாவின் பேட்டரி நம்பிக்கை என்று கொண்டாடப்பட்ட ஸ்வீடன் கம்பெனி, ஜெர்மனியில் ஆலை கட்ட 902 மில்லியன் யூரோ உதவிக்கு 2024 ஜனவரியில் அனுமதி, 2025 மார்ச்சில் ஸ்வீடனில் திவால். எங்களுக்குத் தெரிந்த ஒரு சப்ளையர் அந்தப் பேட்டரி அலையை நம்பி ஆள் எடுத்திருந்தார். இப்போது தொலைபேசியில் பேசினால் கிரிக்கெட் பற்றி மட்டும் பேசுகிறார்.

இதே நேரத்தில் இங்கே என்ன நடந்தது என்று பாருங்கள். டிரெஸ்டனில் 10 விழுக்காடு வைத்திருக்கிற அதே என்எக்ஸ்பி, நெதர்லாந்துக் கம்பெனி, தைவானின் வான்கார்டோடு சேர்ந்து தெம்பனிஸில் 7.8 பில்லியன் அமெரிக்க டாலருக்கு 12 அங்குல ஆலை கட்டுகிறது. அதில் அதன் பங்கு 40 விழுக்காடு. 2024 ஜூனில் அறிவிப்பு, டிசம்பரில் அடிக்கல், 2027-இல் உற்பத்தி. ஜெர்மனியின் சில்ட்ரானிக் சிப் செய்ய வேண்டிய சிலிக்கான் தகடான வேஃபருக்குத் தன் 2 பில்லியன் யூரோ ஆலையைத் தெம்பனிஸில் 2024-இல் திறந்தது. அங் மோ கியோவில் எஸ்டி மைக்ரோ எத்தனையோ வருடங்களாக இருக்கிறது, பாசிர் ரிஸ்ஸில் பிரான்சின் சாய்டெக். எல்லாம் ஐரோப்பியப் பெயர்கள். சட்டம் போட்டு வீட்டுக்கு அழைக்கிறார்கள், அவர்களோ எங்கள் தொழிற்கூடத்திலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரத்தில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சிங்கப்பூர் அரசு எதுவும் கொடுப்பதில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம், முதலீடுகளை ஈர்க்கும் அரசு அமைப்பான ஈடிபி கொடுப்பதைக் கூட்டம் போட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான். நிலம், தண்ணீர், மின்சாரம், ஆள், அனுமதி எல்லாம் ஒரே மேசையில் முடிகிறது. அங்கே ஒரு கம்பெனி ஜெர்மன் மாநில அரசு, மத்திய அரசு, பிரஸ்ஸல்ஸ் என்று மூன்று படி ஏற வேண்டும்.

ஸ்டெப் என்று ஒரு திட்டம் வந்ததே, அதைப் பார்த்தால் இன்னும் புரியும். டிஜிட்டல், தூய எரிசக்தி, உயிர்த்தொழில்நுட்பம் மூன்றுக்கும் புதிதாக 10 பில்லியன் யூரோ என்று 2023-இல் ஆணையம் கேட்டது. பேரம் முடிந்து 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தபோது கையில் இருந்த புதுப்பணம் 1.5 பில்லியன், அதுவும் ராணுவப் பாதுகாப்பு நிதிக்கு. மற்றபடி ஏற்கெனவே உள்ள 11 திட்டங்களின் பணத்தை இந்தப் பக்கம் திருப்பிவிட்டு, நல்ல விண்ணப்பத்துக்கு ஒரு முத்திரை குத்தித் தருகிறார்கள். முத்திரையைக் காட்டி வேறு இடத்தில் காசு கேளுங்கள் என்று அர்த்தம். பாஸிடம் இதை விளக்கினபோது, "நம்ம கோயில் நன்கொடைச் சீட்டு மாதிரியா?" என்றார். இல்லை பாஸ், கோயிலில் பிரசாதமாவது கிடைக்கும்.

ஐரோப்பிய மத்திய வங்கியின் முன்னாள் தலைவர் மாரியோ டிராகி 2024 செப்டம்பரில் கொடுத்த அறிக்கையில் ஐரோப்பாவுக்கு வருடத்துக்கு 750-இலிருந்து 800 பில்லியன் யூரோ கூடுதல் முதலீடு வேண்டும் என்றார். அதற்குப் பிறகுதான் வேகம் பிடித்தது. 2025 ஜூலையில் ஆணையம் 2028 முதல் 2034 வரைக்கான பட்ஜெட்டை முன்வைத்தபோது ஐரோப்பியப் போட்டித்திறன் நிதியம் என்று 409 பில்லியன் யூரோவுக்கு ஒரு கூடை காட்டியிருக்கிறார்கள், அடுத்த ஹொரைசனின் 175 பில்லியனும் அதற்குள்தான். சிதறிக் கிடக்கிற திட்டங்களை ஒரே விதிப்புத்தகத்துக்குள் கொண்டுவருவது என் கண்ணுக்கு நல்ல மாற்றம். ஆனால் முன்வைத்தது ஒன்று, பேரம் பேசி வெளியே வருவது ஒன்று, ஸ்டெப்பில் பார்த்தோம் இல்லையா. நமக்குக் கவலை தருவது வேறு: அந்த முன்மொழிவில் ஐரோப்பியருக்கே முன்னுரிமை என்ற வாசகம் இருக்கிறது. வெளியாட்களுக்குக் கதவு இப்போது இருப்பதைவிட அகலமாகும் என்று நினைத்து இருக்க வேண்டாம்.

என் கணிப்பு இதுதான். இந்த நிதி ஆலை கட்டத் தெரியாத நிதி. ஆளோடு ஆளைச் சேர்க்கத் தெரிந்த நிதி. பெல்ஜியத்தின் லூவனில் இமெக், பிரான்சின் கிரெனோபிளில் லெட்டி மாதிரி ஆய்வகங்களைச் சுற்றி அவர்கள் பல வருடங்களாகக் கட்டி வைத்திருக்கிற பழக்கம், ஐந்து நாட்டுப் போட்டிக் கம்பெனிகள் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுவது, நம்மிடம் இன்னும் இல்லை. நம் மானியங்கள் ஒரு கம்பெனியைப் பார்த்துக் கேட்கும், உன் விற்பனை எவ்வளவு கூடும் என்று. அவர்களுடையது, உன்னோடு யார் வருகிறார்கள் என்று கேட்கும். எங்கள் கம்பெனிக்கு இரண்டாவது கேள்விதான் அதிகம் உதவியது. அதனால்தான் ஒரு யூரோ வராமலேயே 3 நட்சத்திரம்.

இப்போது காசு வேண்டும் என்பவர்களுக்கு. யூரோஸ்டார்ஸைப் பாருங்கள். யுரேகா என்ற பன்னாட்டு வலையமைப்பின் திட்டம் அது, சிங்கப்பூரும் அதில் பங்கெடுக்கிறது. புதுமை செய்கிற ஒரு சிறு அல்லது நடுத்தரக் கம்பெனிதான் தலைமை தாங்க வேண்டும், குறைந்தது இரண்டு நாடுகளிலிருந்து இரண்டு தனித்தனி அமைப்புகள், திட்டம் 36 மாதம் வரை, ஒரே பங்காளி மொத்தச் செலவில் 70 விழுக்காட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ள முடியாது. இதில் பணம் ஒரே பானையிலிருந்து வராது, ஒவ்வொரு பங்காளிக்கும் அவரவர் நாடு தரும். ஜெர்மன்காரருக்கு ஜெர்மனி, நமக்கு எண்டர்பிரைஸ் சிங்கப்பூர் என்ற அரசு அமைப்பு. ஹொரைசனுக்கு மாதிரி மூன்று நாடு சேர்க்க ஓட வேண்டாம், தெரிந்த ஒரு வாடிக்கையாளர் போதும். வருடத்துக்கு இரண்டு கெடு. ஒரு நட்சத்திரம் குறைத்ததற்குக் காரணம், இரண்டு நாடுகளும் தனித்தனியாகச் சரி சொல்ல வேண்டும், ஒரு பக்கம் தடுக்கினால் மொத்தமும் நிற்கும். எழுதத் தொடங்குவதற்கு முன்பே இங்கே உள்ள அதிகாரியிடம் பேசித் தகுதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள், நாங்கள் கேட்டோம், பதில் தெளிவாக வந்தது.

இன்னொன்று, கூட்டணி ஒப்பந்தத்தை வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஹொரைசனானாலும் யூரோஸ்டார்ஸானாலும் நீங்கள் ஏற்கெனவே கொண்டுவரும் தொழில்நுட்பம் எது, திட்டத்தில் புதிதாக வருவது எது, அது யாருக்குச் சொந்தம் என்று எழுத்தில் இருக்க வேண்டும். கண்டுபிடித்தவருக்கே சொந்தம் என்பது ஹொரைசனின் பொது விதி, ஆனால் இரண்டு பேர் சேர்ந்து கண்டுபிடித்தால் அங்கேதான் சண்டை வரும். எங்கள் பாஸ் இந்த ஒரு பக்கத்துக்காக மட்டும் வக்கீலுக்குக் கொடுத்தது பட்டறைக் கட்டணத்தைவிடக் குறைவு. அதே ஜெர்மன் வாடிக்கையாளரோடு இப்போது யூரோஸ்டார்ஸுக்கு எழுதிக்கொண்டிருக்கிறோம். இந்த முறை கோப்புகளை நாங்கள் வைத்திருக்கிறோம், கெடுவுக்கு ஒரு வாரம் முன்னால் திருத்தம் நின்றுவிடும் என்று அவர்களிடம் சொல்லியாயிற்று.